உள்ளளவும் வெளியளவும்

அன்ரி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வெளியே ஒரு சுற்று நடப்பார். சுவரை ஒட்டி, காலடியால் அளந்துகொண்டு நடப்பார். பிறகு உள்ளே வந்து, வீட்டுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கோ" என்று சொல்லிக்கொண்டு நிற்க, அறை அறையாக மறுபடியும் நடப்பார். வெளிக்கணக்கும் உள்கணக்கும் ஒத்துவந்தால் அவருடைய முகம் வாடிவிடும்.

"வடிவான வீடு," என்பார் மரியாதைக்கு. "ஆனா ஒரு இடமும் இல்லை."

நான்கு அறையும் பெரிய விறாந்தையும் வைத்துக் கட்டியவர்களுக்கு அது விளங்காது. லண்டனில் மாளிகைகளைப் பார்த்த மனுசி, எங்களுடைய வீடு சின்னதாகத் தெரிகிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கும் முதல் நாள் விளங்கவில்லை.

மாங்குளம் சந்தியில், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே என்னுடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, பிளான் சுருள்கள் திணித்த ஓர் அலுமாரி. வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து, பிரதேச சபைக்குக் கொடுக்க வேண்டிய கடதாசிகளைச் சரிப்படுத்திக் கொடுப்பது என் தொழில். ஒரு காலை அன்ரி படியேறி வந்தார். அறுபது வயதிருக்கும். பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய மணிக்கூடு, கையில் ஒரு டேப். கதிரையில் இருக்காமல் என் முதுகுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"இந்தச் சுவர் ஏன் பிள்ளை இவ்வளவு தடிப்பு?"

"பழைய கட்டடம் அன்ரி. ஷெல் விழுந்து வெடிச்ச சுவர். அதை இடிக்காமல் வெளிப்பக்கமா இன்னொரு சுவர் கட்டிப்போட்டினம்."

"ரெண்டுக்கும் நடுவில?"

"கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பினம்."

அவர் விரல் கணுவால் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினார். "ஓம். நிரப்பிப்போட்டினம்," என்றார். ஆரோ செத்த செய்தி கேட்டவர் போல அதைச் சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் அந்த வீடு எதென்று தெரிந்துவிடும். அதில் இப்போது வேறு மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஊரில் அவரை லண்டன்காரி என்றார்கள். லண்டனில் அவர் இருந்தது இரண்டு வருடம்தான். மிச்சக் காலமெல்லாம் அங்கிருந்து மூன்று மணித்தியாலம் ரயிலில் போக வேண்டிய ஒரு நாட்டுப்புறத்தில், ஒரு பழைய பிரபுவின் வீட்டில் வேலை செய்திருக்கிறார். பிரபுவின் பரம்பரை எப்போதோ போய்விட்டது. சனங்கள் சீட்டு எடுத்துப் பார்க்கிற வீடாக அது மாறியிருந்தது. அன்ரி அங்கே கூட்டித் துடைக்கப் போனவர். ஆறு வருடம் கழித்து, கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் இருக்க ஒரு கதிரையும் கொடுத்து, மாடியில் ஓர் அறைக்குக் காவலாக இருத்தினார்கள். வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

என் மேசையில் கிடந்த ஒரு பழைய பிளானின் பின்பக்கத்தில் அவர் எனக்கு அந்த வீட்டை வரைந்து காட்டினார்.

"சிவப்புச் செங்கல். மேல இருந்து பாத்தா இங்கிலிஷ் 'ஈ' எழுத்து மாதிரி. நடுவில நீட்டிக்கொண்டிருக்கிறதுதான் வாசல். கூரையில புகைக்கூடு மட்டும் இருபத்தெட்டு. ஒவ்வொண்டும் முறுக்கின கயிறு மாதிரி, செங்கல்லை முறுக்கி முறுக்கிக் கட்டினது. மேற்குப் பக்கம் ஒன்பது யன்னல் பொய் யன்னல். வெளியில நிலை இருக்கும், உள்ள செங்கல். யன்னலுக்கு வரி கேட்ட காலத்தில அடைச்சதாம். மாடியில ஒரு ஹோல், நூற்றியிருபது அடி நீளம். என்னத்துக்குத் தெரியுமே? மழை நாளில வீட்டுப் பொம்பிளையள் நடந்து திரிய."

"நடக்க மட்டுமோ?"

"நடக்க மட்டும்தான். நாங்கள் மழைக்குள்ள எங்க நடந்தனாங்கள் எண்டு உமக்குத் தெரியும்."

தெரியும். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களின் மழை. அவர் தொடர்ந்தார். அந்த வீட்டில் படிக்கட்டு இரண்டு. ஒன்று அகலமானது, கைபிடியெல்லாம் மரத்தில் செதுக்கிய பூவும் கொடியும். மற்றது சுவருக்குப் பின்னால், ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய அகலத்தில், எங்கள் ஆட்கள் ஏறுவதற்கு.

"எங்கட ஆக்களோ?"

"வேலைக்கார ஆக்கள். நான் அந்தப் படியாலதானே ஆறு வருசம் ஏறி இறங்கினனான்." சிரித்தார். "அந்த வீட்டைப் பற்றிப் புத்தகம் எழுதின ஒரு பெரிய மனிசன் ஒருநாள் வந்தவர். நான் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தவர். எங்க படிச்சனீங்கள் எண்டு கேட்டார். நான் சொன்னன், இந்த வீட்டை நான் வாசிச்சுப் படிக்கேல்லை ஐயா, கூட்டிப் படிச்சனான் எண்டு."

அவருடைய கதிரை இருந்த அறையில்தான் அந்த ஒளிவிடம் இருந்தது. கணப்படுப்புக்குப் பக்கத்தில், சுவர் முழுக்க மரப்பலகை அடித்த இடத்தில், ஒரு பலகை மட்டும் திறக்கும். எது என்று வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது. உள்ளே நீளம் ஐந்தடி, அகலம் இரண்டேகால் அடி. நானூறு வருடத்துக்கு முன்னர், அரசாங்கம் விலக்கிய பூசையைச் செய்ததற்காகத் தேடப்பட்ட ஒரு பாதிரியாரை அந்த வீட்டுக்காரி அதற்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"பிடிக்க வந்தவை ஆர் தெரியுமே? அவையும் வேதக்காரர்தான்," என்றார் அன்ரி. "ஒரே யேசு. ஒரே சிலுவை. ஒரே பாசை. ஆறு நாள் அந்த வீட்டில நிண்டு தேடினவை. முதல்ல வெளியால அளப்பினம். பேந்து உள்ளால அளப்பினம். ரெண்டும் ஒத்துவராட்டி அந்தச் சுவரை உடைப்பினம். புகைக்கூட்டுக்குள்ள கையை விட்டுப் பாப்பினம், கரி இல்லாட்டி அது பொய்ப் புகைக்கூடு எண்டு பிடிச்சிருவினம். ஆறு நாளும் அந்தாள் உள்ள நிண்டது. வீட்டுக்காரி ஒரு நாணல் குழாயைச் சுவர் ஓட்டையால விட்டுக் கூழ் ஊத்தினவள்."

"பிடிச்சினமோ?"

"இல்லை," என்றார் அன்ரி. அவர் அந்த ஒரு சொல்லைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பாதிரியாரை அவரே கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தது போலச் சொன்னார்.

அன்ரிக்குத் தன் தாய் தகப்பனின் காணியில் ஒரு வீடு கட்ட வேண்டும். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, சாமான் வைக்க ஓர் அறை போதும். ஆனால் உள்ளளவும் வெளியளவும் ஒத்துவரக் கூடாது. ஒத்துவரவில்லை என்பது அளக்கிறவனுக்குத் தெரியவும் கூடாது. பிரதேச சபைக்குக் கொடுக்கிற படத்தில் அது இருக்கவே கூடாது.

நான் மறுத்திருக்க வேண்டும். சட்டப்படி அது பிழை. "ஏன் அன்ரி என்னட்டை வந்தனீங்கள்? கிளிநொச்சியில பெரிய ஆக்கள் இருக்கினமே," என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனார். அடுத்த கிழமை ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வழக்கம்போல் வெளியே ஒரு சுற்று. பிறகு நேராகக் குசினிக்குள் போனார். வீடு புதிது, சண்டை முடிந்த பிறகு கட்டியது. குசினி மட்டும் பழைய அத்திவாரத்தில் நிற்கிறது. விறகு அடுக்கியிருந்த மூலைக்குப் போய் நின்று, "இஞ்சதானே?" என்று கேட்டார்.

அம்மாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது.

ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பதினேழு வயது நடந்தபோது, சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கத்து ஆட்கள் கேட்டு வந்த காலத்தில், அப்பா அந்த விறகு மூலைக்குக் கீழே ஒரு குழி தோண்டினார். மேலே பலகை, பலகைக்கு மேலே சாம்பல், சாம்பலுக்கு மேலே விறகு. வாகனச் சத்தம் கேட்டால் நான் உள்ளே. ஏழு மாதம் அப்படி இருந்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. எனக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் நான் குளிப்பறைக் கதவைப் பூட்டுவதில்லை. பிள்ளைகளின் அப்பா காரணம் கேட்டதுமில்லை.

அன்ரி முற்றத்துப் பூவரசுக்குக் கீழே இருந்து, ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு என்னைக் கேட்கத் தொடங்கினார்.

"கூட எவ்வளவு நேரம் இருந்தனீர்?"

"ஒருநாள் விடியவிலிருந்து பொழுதுபடும் வரைக்கும்."

"இருந்தனீரோ, கிடந்தனீரோ?"

"குந்தி. முழங்கால் நெஞ்சில முட்டும்."

"எது பொறுக்கேலாமல் இருந்தது? மூச்சோ?"

"மூச்சில்லை. முழங்கால். பேந்து..." எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பெண்பிள்ளையளுக்கு வாற கரைச்சல். அந்த நாளில ஒண்டும் செய்யேலாது."

அவர் எழுதிக்கொண்டார். முழங்காலுக்காக ஒரு பலகை இருக்கை. மற்றதுக்காக ஒரு மூடி வைத்த வாளி. காற்றுக்காக மேலே குழாய். ஒரு டொக்டர் மருந்து எழுதுவது போல எழுதினார். எழுதி முடித்து, "அந்த வீட்டில இதுகளை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை," என்றார். "ஒளிச்சிருந்தவரோட கதைக்க எனக்கு அங்க ஆள் இல்லை. அதுதான் பிள்ளை உம்மட்டை வந்தனான்."

அன்று இரவே நான் படத்தைக் கீறத் தொடங்கிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஒரு மாதம் இழுத்தடித்தேன். பிறகு கீறினேன். குசினிப் புகைக்கூட்டுக்கும் சாமான் அறைக்கும் இடையில், இரண்டு சுவரிலும் மூன்று மூன்று அங்குலமாகத் திருடித் திருடி, ஐந்தரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் எடுத்தேன். புகைக்கூட்டை இரண்டாகக் காட்டினால் மிச்சத் தடிப்புக்குக் காரணம் கிடைத்துவிடும். ஒன்றில் புகை போகும். மற்றதில் காற்று வரும்.

மேசன் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். அவரிடம் எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவரே கையை உயர்த்தி மறித்தார். "மூணு ஊட்டக் கட்டிட்டு மூணையும் உட்டுட்டு ஓடியாந்தவன்மா நான். எனக்குக் கதை வேணாம். அளவச் சொல்லுங்க, போதும்."

அவர் அளவை மட்டும் வைத்துக் கட்டினார். உதவிக்கு வந்தவர்களை அந்த மூன்று நாளும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். கடைசி வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

வீடு எழும்பி ஒரு மாதத்தில் நான் போனபோது, கூரையில் ஏணி சாத்தியிருந்தது. அன்ரி மேலே நின்று, பொய்ப் புகைக்கூட்டின் வாய்க்குள் ஒரு தகரத்தில் சிரட்டையைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அன்ரி செய்யிறியள்?"

"கரி பிடிக்க வேணும். சும்மா கிடந்தா கண்டுபிடிச்சிருவினம்."

"ஆர் அன்ரி?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதென்று பட்டது. அவர் ஏணியால் இறங்கி வந்து, கரிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படியில் இருந்தார். அதுவரை என்னிடம் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னார்.

"பிள்ளைக்கு நாலு வயசில அக்காட்டை விட்டிட்டுப் போனனான். மனிசன் அதுக்கு முன்னமே போயிட்டுது. ஒரு வருசத்தில பிள்ளையைக் கூப்பிடலாம் எண்டவன் ஏஜென்சிக்காரன். கடதாசி வரப் பதின்மூண்டு வருசம் எடுத்தது. கடதாசி வந்த நேரம் இஞ்ச சண்டையால பாதையைப் பூட்டியிட்டினம்."

கரிக்கையை மறுபடியும் சேலையில் துடைத்தார்.

"அக்கா வீட்டில ரெண்டே ரெண்டு அறை. அவை பிடிக்க வந்த நேரம் பிள்ளை அலுமாரிக்குப் பின்னால ஓடி நிண்டவளாம். வந்தவை அலுமாரியை அரக்கிக்கூடப் பாக்கேல்லை. குனிஞ்சு பாத்தவையாம். அலுமாரிக்கு நாலு கால். கீழ ஆறு கால் தெரிஞ்சுதாம்."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா ரெலிபோனில சொல்லேக்கை நான் பஸ் தரிப்பில நிண்டனான். அண்டைக்கும் வேலைக்குப் போனனான். போய் அந்தக் கதிரையில இருந்தன். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வந்தவை. அவையின்ர வயசும் அதுதான். கூட்டிவந்த ரீச்சர் பலகையைத் திறந்து காட்டிச் சொல்லுறா, இதுக்குள்ள ஒரு மனிசன் ஆறு நாள் நிண்டு தப்பினவர் எண்டு. அவை எல்லாம் போன பிறகு நான் எழும்பிப் போய் முதல் தரம் அளந்து பாத்தன். அஞ்சடி, ரெண்டேகால் அடி. அவ்வளவுதான் பிள்ளை. நான் அனுப்பின காசுக்கு அக்கா ஒரு பெரிய அலுமாரி வாங்கினவ. ஒரு சுவர் கட்டச் சொல்ல எனக்குத் தோணேல்லை."

அந்தப் பிள்ளை பிறகு எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது. அக்காவும் அந்தச் சண்டையோடு போய்விட்டார். காணாமல் போனவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் கொட்டகை போட்டு இருந்த இடத்துக்கு அன்ரி ஒருமுறை போனாராம். ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பி வந்துவிட்டார். "பிடிச்சுக்கொண்டு போகேக்கை அவை பிள்ளையின்ர மற்றக் கையைப் பிடிச்சு இழுத்தவை," என்றார். "எனக்கு அதுக்குள்ள இருக்க என்ன உரிமை?"

புதுவீட்டுக் குடிபூரலுக்கு ஊர்ச்சனம் வந்தது. எல்லாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சாமான் அறையில் மரப்பலகை அடித்திருப்பதைப் பார்த்து, லண்டன் மோஸ்தர் என்று சிரித்தார்கள். முதிரைப் பலகை, நல்ல வேலை. எந்தப் பலகை திறக்குமென்று, கீறிய எனக்கே கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு அன்ரி அந்த வீட்டில் தனியே இருந்தார். சனிக்கிழமைகளில் நான் போவேன். தேத்தண்ணி ஊற்றித் தருவார். தருவதற்கு முன்னர் சாமான் அறைக்குள் போய் வருவார். ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தேன். பலகையைத் திறந்து, உள்ளே இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பூமரத்துக்கு ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி வைத்தார். பக்கத்தில் ஒரு டோர்ச், ஒரு பிஸ்கற் தகரம், மடித்த துவாய், பெண்பிள்ளைகளுக்குக் கடையில் விற்கிற அந்தப் பக்கற். பலகையை மூடுவதற்கு முன்னர் உள்ளே பார்த்து ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மேல் குழாயால் வந்த காற்று அந்தச் சின்ன இடத்துக்குள் ஊதியபோது, யாரோ மூக்கால் மூச்சு விடுவது போல இருந்தது. கீறியவள் நான். அது காற்று என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஒருவேளை அந்தப் பயம்தான் என் வாயைத் திறந்ததோ தெரியாது. ஓமந்தையில் ஒரு கலியாண வீட்டில், என்னோடு படித்த ஒருத்திக்குப் பக்கத்தில் சாப்பிட இருந்தேன். என்ன வேலை செய்கிறாய், சும்மா பெட்டி பெட்டியாகத்தானே வீடு கீறுகிறாய் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் கீறிய ஒரு வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாத அறை ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஊரைச் சொன்னேன். லண்டனிலிருந்து வந்தவ என்றும் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டு கிழமை போகவில்லை. சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். என்னையும் பிளானோடு வரச்சொன்னார்கள். நான் போனபோது அவர்கள் வீட்டின் வெளிச்சுவரை அளந்துகொண்டிருந்தார்கள். மூத்தவர் டேப்பைப் பிடிக்க, இளையவர் குறித்துக்கொண்டிருந்தார். அன்ரி விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயமில்லை. இந்தக் காட்சியை அவர் பல வருடமாக மனதுக்குள் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மூத்தவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. "அம்மா, உள்ளுக்கு ஒரு இடம் இருக்காம். காட்டுறீங்களா, நாங்க உடைக்கவா?"

"உடைக்க வேண்டாம் தம்பி. நல்ல வேலை. வாங்கோ," என்றார் அன்ரி.

பிறகு நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அன்ரி நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, அவர்களை அறை அறையாகக் கூட்டிப்போனார். "இது ஹோல். பன்னிரண்டுக்குப் பதினாறு. இந்த யன்னல் கிழக்குப் பாத்தது. இஞ்சால குசினி. புகைக்கூடு ரெண்டு, ஒண்டில மட்டும்தான் புகை போகும். கவனம், படி உயரம்." கதிரையில் இருந்த காலத்தில் வெள்ளைக்காரருக்குச் சொன்ன அதே குரலாக இருக்க வேண்டும். சாமான் அறைக்கு வந்ததும் சற்றுத் தள்ளி நின்று, "எது திறக்கும் எண்டு பாருங்கோ," என்றார். இளையவர் தட்டிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அன்ரி ஒரு விரலால் அமத்தினார்.

மூத்தவர் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். போத்தலைப் பார்த்தார். பிஸ்கற்றைப் பார்த்தார். அந்தப் பக்கற்றைக் கையில் எடுத்து, என்னவென்று தெரிந்ததும் உடனே கீழே வைத்தார்.

"யாருக்கு இது?"

"என்ர மகளுக்கு."

"மகள் எங்க?"

"அதை நீங்கள்தான் சொல்ல வேணும் தம்பி. நீங்கள் இல்லாட்டி அவளைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அவையும் இப்ப இல்லை."

மூத்தவர் டோர்ச்சை அணைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இப்ப ஒருத்தரும் பிள்ளை பிடிக்க வாறதில்லைதானே அம்மா. இனி இது எதுக்கு?" என்றார்.

"அங்க நானூறு வருசமா ஒருத்தரும் வரேல்லை," என்றார் அன்ரி. "இன்னும் அதை மூடேல்லை."

ஒரு கிழமைக்குள் கல் வைத்து அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மோசமான மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். போகும்போது இளையவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

அவர்கள் போன பிறகு அன்ரி என்னைப் பார்த்தார். "ஆருக்குப் பிள்ளை சொன்னனீர்?"

சொன்னேன். கலியாண வீடு, சாப்பாட்டு மேசை, எல்லாம் சொன்னேன். அழுதேன்.

"அங்கயும் காட்டிக் குடுத்தது வீட்டுக்குள்ள இருந்த ஆக்கள்தான்," என்றார். "கெட்டவை எண்டில்லை. கதைக்க ஆசைப்பட்டவை." அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் வலித்திருக்காது.

அடுத்த மாரிக்கு அன்ரி வவுனியா ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். நெஞ்சு வருத்தம். லண்டனிலிருந்து மருமகன் முறையான ஒருவர் வந்து காரியங்களைச் செய்து, வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு ஆசிரியர் குடும்பங்கள் இருந்து மாறின. இப்போது இருக்கிறவர்கள் அந்தப் பலகைச் சுவருக்கு முன்னால் ஒரு ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். மாரியில் அந்தப் பக்கச் சுவர் மட்டும் ஈரம் பிடிக்கிறதே, ஏன் என்று ஒருமுறை என்னைக் கேட்டார்கள். பார்க்கிறேன் என்று சொன்னேன். போகவில்லை.

அடைத்த நாளைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. மேசன் காலையிலேயே வந்து, கல்லை உள்ளே சுமந்து அடுக்கிவிட்டு, "சாப்புட்டு வந்து கலவையப் போடுறேன்," என்று சொல்லி மாமர நிழலுக்குப் போனார். நல்ல வெயில். அன்ரி பலகையைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெட்டியில் வைத்தார். இடம் வெறுமையானதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருக்கா உள்ள போய் இரும்."

"என்னால ஏலாது அன்ரி."

"தெரியும். ஒருக்கா மட்டும்."

நான் செய்த காரியத்துக்குப் பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. போய் அந்தப் பலகை இருக்கையில் இருந்தேன். அவர் மூடினார். இருட்டு. சுண்ணாம்பு மணமும் சிரட்டைக் கரி மணமும். முழங்கால் எங்கும் முட்டவில்லை, ஆனாலும் நான் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

அவருடைய காலடி முன்வாசல் வரை போனது. வாசல் கதவு சாத்துவது கேட்டது. பிறகு அது படாரென்று திறந்தது. உள்ளே வந்த காலடி அவருடையது இல்லை. அவர் மெதுவாக நடக்கிறவர், இது சப்பாத்துக் கால் போல அழுத்தி அழுத்தி நடந்தது. ஹோலில் கதிரை இழுபட்டது. முதல் அறையில் அலுமாரிக் கதவு திறந்தது, மூடியது. கட்டில் நகர்ந்தது. இரண்டாம் அறை. குசினி. ஒரு சட்டி விழுந்து உருண்டது. பிறகு சாமான் அறைக்குள் வந்து, சுவரைத் தட்டத் தொடங்கியது. மூலையிலிருந்து ஒவ்வொரு பலகையாக. டொக். டொக். டொக்.

அவர்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இல்லை, பதினேழு. தட்டல் என் முகத்துக்கு நேரே வந்தது. ஒரு பலகைத் தடிப்புக்கு அப்பால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஒருமுறை தட்டியது. நின்றது. மறுபடி ஒருமுறை தட்டியது.

பிறகு அடுத்த பலகைக்குப் போய்விட்டது.

காலடி திரும்பியது. ஹோலைத் தாண்டியது. வாசல் கதவு சாத்தியது. முற்றத்து மணலில் நடந்து, படலை வரை போய், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பலகை திறந்தபோது வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அன்ரி நின்றார். முகமெல்லாம் வேர்வை, நெற்றியில் தலைமயிர் ஒட்டிக்கிடந்தது. என் கண்ணைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"போயிட்டினம்," என்றார். "அவை போயிட்டினம் பிள்ளை. நீ வெளியில வா."

எனக்குக் கால் விறைத்திருந்தது. உடனே எழும்ப முடியவில்லை. அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.